விண்ணேணியில் நாற்பத்திரண்டு பேர்

"பூஜ்யம் போட்டா ஏத்துக்கிற மாட்டேங்குது சார்" என்றாள் பவதாரிணி.

புதுக்கண்மாய்ப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினிப் பயிற்றுநர் அவள். திரையில் ஒரு கட்டம் சிவந்துபோய்த் துடித்துக்கொண்டிருந்தது. 'விண்ணேணித் திட்டத்தின் கீழ் மேம்பட்ட கணிதம் பயிலும் மாணவர் எண்ணிக்கை' என்று கேட்டது கட்டம்.

பக்கத்தில் நின்ற கணித ஆசிரியர் துளசிராம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்படி ஒரு பாடம் உண்டு என்பதே அன்று காலை வந்த சுற்றறிக்கையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கல்லூரிக் கணிதத்தில் கொஞ்சம் படித்துவிட்டால், கல்லூரிக்குப் போய் மிரண்டு நிற்க மாட்டார்கள் என்பது திட்டம். சுற்றறிக்கை பதினோரு பக்கம். அதில் ஏழு பக்கம் திட்டத்தின் பெருமை. நான்கு பக்கம் அதைப் பற்றி நிரப்ப வேண்டிய படிவங்கள்.

"வெறுசா விட்ருங்க" என்றார் துளசிராம்.

"விட்டா அடுத்த பக்கம் போகாது சார்."

"'இனிமேத்தான் ஆரம்பிக்கணும்'னு எழுதுங்க."

"எழுத்தே ஏறாது சார். நம்பர் மட்டும்தான். அதுவும் ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்குது."

அப்போது தலைமையாசிரியர் நல்லகாமன் செல்பேசியை நெருப்புத் துண்டு போல ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். வரலாறு படித்தவர். பானிபட் போர் மூன்றையும் தேதியோடு சொல்வார். ஆனால் அவரைக் கலங்கடிப்பது பானிபட் இல்லை. மாவட்ட வாட்ஸப் குழுவில் மணிக்கொரு தரம் வருகிற பெண்டிங் பட்டியல்தான்.

"நாலு நாப்பதாச்சுய்யா! அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. நம்ம பேரு செகப்புல வருது. அதுக்குக் கீழ ஒருத்தன் சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்கான்!"

விஷயத்தைச் சொன்னார்கள்.

"கணக்கு குரூப்ல எத்தன பேரு?"

"நாப்பத்திரண்டு."

"அதப் போட்டுத் தொலைங்க. பொறுப்பாசிரியர்னு துளசி சார் பேரப் போடுங்க. பிறகு பாத்துக்கிறலாம்."

"ஐயா, நடக்காத வகுப்புக்கு..."

"நடக்காமயா போயிரும்? நாளைக்கே நடத்துனா நடந்ததுதான?"

பொறுப்பாசிரியரின் ஒப்புதலுக்காகத் துளசிராமின் செல்பேசிக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். பிற்பாடு எத்தனை தரம் யோசித்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் வேறு யார் குரலும் கேட்கவில்லை.

கட்டம் பச்சையானது. நல்லகாமன் முகமும் தெளிந்தது.

மறுநாள் காலை மாவட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு. நல்லகாமன் எழுந்து நின்று கேட்டார். வைத்த பிறகும் உட்காரவில்லை.

"என்னங்கய்யா?"

"பாராட்டுறாங்கய்யா."

"எதுக்கு?"

"மாவட்டத்துல கணக்கு குரூப் அம்புட்டுப் பேரும் சேந்த ஒரே பள்ளிக்கூடம் நம்மளுதாம். மத்தவங்க புத்திசாலி. மூணு, அஞ்சுன்னு போட்டிருக்காங்க." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "வகுப்பு நடக்குற போட்டோ கேக்குறாங்க. பத்து மணிக்குள்ள."

துளசிராம் சுவர்க் காலண்டரில் ஜூன் மாதத்தைப் புரட்டிப் பார்த்தார். காரணம் உண்டு. வில்லாபுரத்தில் அவர் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் நாற்காலி ஜூனில் காலியாகிறது. பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது. இருபத்தாறு வருடமாக இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர். இந்த நேரத்தில் பதினேழு-பி என்கிற குற்றச்சாட்டு மெமோ ஒன்று வந்துவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் எகிறிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை அதே இரண்டு பஸ்தான். மனைவி சாரதாம்பாளோ தெருவில் பாதிப் பேரிடம் 'ஹெச்.எம். வீடு' என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்.

பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். கரும்பலகையில் என்ன எழுதுவது?

"எனக்குப் புரியாத மாதிரி எழுதுங்க" என்றார் நல்லகாமன். "எனக்குப் புரிஞ்சா ஆபீஸ்லயும் புரிஞ்சு போகும்."

துளசிராம் பையிலிருந்து தன் பழைய எம்.எஸ்சி. நோட்டை எடுத்தார். காலையில் பரண் மேலிருந்து இறக்கியது. முதல் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் தலைப்பு எழுதினார்: 'குலம்: வரையறை.'

நல்லகாமன் பாய்ந்து வந்து அழிப்பானைப் பிடுங்கினார். "என்ன சார் எழுதுறீங்க? பயலுக கையில கட்டுற கயித்துக் கலருக்கே போன மாசம் மீட்டிங் போட்டு முடிச்சிருக்கோம். குலம்னு போர்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பவா?"

"ஐயா, இது கணக்குல வர்ற குலம்."

"கணக்குல வந்தாலும் வேணாம். வேற எதாச்சும்."

துளசிராம் முப்பது பக்கம் தள்ளிப் போனார். 'வெக்டர் வெளி' என்று எழுதினார்.

"வெளின்னா நமக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. எழுதுங்க" என்றார் தலைமையாசிரியர்.

படம் போனது. பதினைந்து நிமிடத்தில் கைதட்டும் பொம்மைகள் வந்தன. அரை மணி நேரத்தில் அடுத்த படிவம் வந்தது: 'முதல் மாதத் தேர்வு மதிப்பெண்கள்.'

நடக்காத வகுப்புக்கு நடக்காத தேர்வு. இந்தத் தரம் நல்லகாமன் அனுபவசாலியாகப் பேசினார்.

"எல்லாரும் பாஸுன்னு போட்டா சந்தேகம் வரும். ரெண்டு பேரப் பெயில் போடுங்க. அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும்."

"யாரப் போட?"

"நீங்களே பாத்துப் போடுங்க. கோவிச்சுக்கிறாத வீட்டுப் பிள்ளைகளா."

துளசிராம் மருது பெயருக்கு எதிரே பன்னிரண்டு என்று போட்டார். சாது. காலாண்டிலும் அவனுக்குக் கணக்கில் ஏறக்குறைய அதுதான் மதிப்பெண். இன்னொருவனுக்குப் பதினாறு. மனச்சாட்சிக்குப் பெரிய பங்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

பெயிலானவர்களின் வீட்டுக்குக் குறுஞ்செய்தி தானாகப் போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டாம் பீரியடில் மருதுவின் அப்பா சுருளி வந்து நின்றார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியில் ஆட்களை உட்கார வைத்துவிட்டே வந்திருந்தார். வாசலில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"சார், எம்மகன் பெயிலாம்ல?"

"ஆமாண்ணே... கொஞ்சம்... கவனம் பத்தல."

"வீட்ல ரெண்டு சாத்து சாத்திட்டுத்தேன் வாரேன். வாங்கிக்கிட்டுச் சொல்றான், 'அப்பா, அப்படி ஒரு பரீட்சையே நடக்கல'ன்னு. பொய் சொல்றியாடான்னு இன்னொண்ணு வச்சேன். அப்பறம் பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கேட்டா அதுவும் நடக்கலங்குது."

துளசிராம் வருகைப் பதிவேட்டைத் திறந்து எதையோ தேடினார்.

"எழுதுன பரீட்சையில பெயிலாகுறது எங்க வீட்டுக்குப் புதுசு இல்ல சார். எங்கப்பா ஆனாரு, நான் ஆனேன். எழுதாததுல எப்படி சார் பெயிலாகுறது? அதுலயும் பன்னெண்டு மார்க் எப்படி வாங்குனான்? அதச் சொல்லுங்க மொதல்ல."

நல்லகாமன் உள்ளே புகுந்தார். "சுருளிண்ணே, கம்ப்யூட்டர் தப்பு. இந்தா, உங்க கண்ணு முன்னாடியே சரி பண்ணிருவோம். ஏம்மா பவதாரிணி!"

பவதாரிணி உட்கார்ந்தாள். சுருளி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ஹாரன் கத்தியது.

"எம்புட்டு சார் போடட்டும்?"

"நல்லாப் போடும்மா" என்றார் சுருளி. "பய அடி வாங்கியிருக்கான்ல."

தொண்ணூற்றெட்டு.

அன்று சாயங்காலமே கணினி ஒரு காரியம் செய்தது. மாநிலத்தில் ஒரே நாளில் அதிக முன்னேற்றம் கண்ட மாணவர் யார் என்று தானாகத் தேடிப் பார்த்தது. பன்னிரண்டிலிருந்து தொண்ணூற்றெட்டு. மருதுவுக்கு 'விண்ணேணி நாயகன்' என்று மின்னணுப் பாராட்டிதழ் வந்து சேர்ந்தது.

சுருளி சும்மா இருக்கிற ஆளில்லை. அதற்கு மூன்றாம் நாள் காலை துளசிராம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிறுத்தத்தில் பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் நின்றது. நடுவில் மருது, கூலிங் கிளாஸோடு. அவன் தோளில் கை போட்டபடி துளசிராம். அப்படி அவர் என்றைக்குமே கை போட்டதில்லை; வகுப்புப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு ராக்கெட். கீழே, 'பெயிலைப் பாஸாக்கிய எங்கள் கணக்குச் சிங்கமே! வெளியே வா, வானம் உனக்குத்தான்! இவண்: ஷேர் ஆட்டோ நண்பர்கள்.'

துளசிராம் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்.

அந்தப் படத்தை யாரோ குழுவில் போட, குழுவிலிருந்து அது சென்னைக்குப் போக, சென்னையிலிருந்து நல்லகாமனுக்கு அழைப்பு வந்தது. இந்தத் தரம் அவர் எழுந்து நிற்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இணை இயக்குநர் ரோகிணி மேடம் நேர்ல வாராங்களாம்" என்றார். "அந்தத் திட்டத்துக்கே அவங்கதான் பொறுப்பு. வகுப்ப உக்காந்து பாக்கணுமாம். இன்னும் ஒம்பது நாள்."

"ஐயா, உண்மையச் சொல்லிருவோம்."

"சொல்லிட்டு? பொறுப்பாசிரியர் யாருன்னு போட்டிருக்கோம்?" நல்லகாமன் குரல் கனிந்தது. "உங்களுக்காகத்தான் யோசிக்கிறேன் துளசி சார். ஒம்பது நாள் இருக்குல்ல. நடத்திருங்க."

வேறு வழியில்லாமல் துளசிராம் நடத்த ஆரம்பித்தார்.

இருபத்தாறு வருடமாக அவர் நடத்தியது கணக்கு இல்லை, எந்தக் கேள்வி வரும் என்பதை மட்டும்தான். ஐந்து மார்க்குக்கு இந்த மூன்று, பத்து மார்க்குக்கு இந்த இரண்டு. மிச்சத்தைச் சாய்ஸில் விட்டுவிடு. இப்போது கேள்வித்தாளே இல்லாத ஒரு பாடம். எதை விடுவது என்று தெரியாததால் எதையும் விட முடியவில்லை. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அவரை உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முனீஸ்வரி என்ற பெண் எழுந்தாள்.

"சார், அப்ப நீளம், அகலம், உயரம்னு மூணோட நிக்கணும்னு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நாலு, அஞ்சுன்னு போகலாமா?"

"போகலாம்."

"எம்புட்டு வேணாலுமா?"

"எம்புட்டு வேணாலும்."

வகுப்பு அப்படியே உறைந்து போனது. துளசிராமும்தான். பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பதை, அதுவும் கொட்டாவிக்காக இல்லாமல், அவர் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆறாம் நாள் மருது, பன்னிரண்டு வாங்கிய மருது, பலகைக்கு வந்து ஒரு கணக்கை முடித்தான். தப்பாகத்தான். ஆனால் எங்கே தப்பு என்று அவனே கண்டுபிடித்து, மறுபடி போட்டான். ஆட்டோ ஸ்டாண்டில் அப்பா மானத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவனுக்கு.

எட்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் முனீஸ்வரி வெளியே வந்து நின்றாள்.

"சார், இதப் படிச்சு முடிச்சா சர்டிபிகேட் உண்டுல்ல? சுற்றறிக்கையில இருக்குன்னு பவதாரிணி மிஸ் சொன்னாங்க. காலேஜுல இந்தப் பேப்பர் எழுத வேணாமாம்."

"அது... ஆமா. அப்படித்தான் போட்டிருக்கு."

"எங்கப்பா காலேஜே வேணாம்னுதான் இருந்தாரு. பாதிப் படிப்ப இங்கயே முடிச்சிட்டேன், சர்டிபிகேட்டக் கொண்டாந்து கையில தாரேன்னு சொல்லித்தான் சரின்னு வாங்கிருக்கேன். மறந்துறாதீங்க சார்."

துளசிராம் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனார்.

ஒன்பதாம் நாள். பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்து, கொடிக் கம்பத்தைக் கழுவி, வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கறுப்புக் காரில் வந்து இறங்கினார் இணை இயக்குநர் ரோகிணி. மாலை வேண்டாம், இளநீர் வேண்டாம், வரவேற்புரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எட்டுப் பக்க வரவேற்புரையை நல்லகாமன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதயத்தில் ஏதோ கட்டி முளைத்தது போல அது புடைத்துக்கொண்டு நின்றது.

"நேரா வகுப்புக்குப் போயிரலாம்" என்றார் மேடம்.

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து, துளசிராம் பலகையில் எழுதியதை எல்லாம் எழுதினார். ஒரு வரி விடவில்லை. அழிக்கப் போனால், "ஒரு நிமிஷம் சார், இருக்கட்டும்" என்றார்.

துளசிராம் அழிப்பானைக் கீழே வைத்தார். ஆதாரம் சேகரிக்கிறார்கள்!

"இது எத்தனாவது அலகு சார்?"

"ரெண்டு... இல்ல, மூணு மேடம்."

"மொத்தம் எத்தன?"

"ஆறு" என்றார் துளசிராம், வாயில் வந்ததை.

ஆறு என்று எழுதி அடிக்கோடும் போட்டார் மேடம். அப்புறம் எழுந்து பெஞ்சு பெஞ்சாக வந்து பிள்ளைகளின் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார். மருதுவின் நோட்டைப் புரட்டியவர், "இத நான் கொண்டு போகலாமா?" என்று கேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்லகாமன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது முனீஸ்வரி எழுந்து நின்றாள்.

"மேடம், சர்டிபிகேட் நீங்கதான தருவீங்க?"

"கண்டிப்பாம்மா. உனக்கு இல்லாமலா?" என்று சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார் மேடம்.

துளசிராம் மேடம் போன வாசலைப் பார்த்தார். நாற்காலி, வில்லாபுரம், 'ஹெச்.எம். வீடு', எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்து போனது. பொய்க் கணக்கு வெளியே வந்தால் சர்டிபிகேட்டும் போகும்; நாளைக்கு இந்தப் பிள்ளை அப்பாவிடம் வெறுங்கையை நீட்டும். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினார். கார்க் கதவில் மேடம் கை வைத்தபோது பிடித்துவிட்டார்.

"மேடம், ஒரு நிமிஷம். அந்தப் பாடம் இங்க நடக்கவே இல்ல மேடம்."

ரோகிணி திரும்பினார். "என்ன சொல்றீங்க? இப்பத்தான பாத்துட்டு வாரேன்."

"அது எட்டு நாளா நடக்குது. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. பூஜ்யம் ஏறலன்னு நாப்பத்திரண்டு போட்டோம். பரீட்சை, மார்க்கு, அம்புட்டும் கப்சா. என்மேல நடவடிக்கை எடுங்க. ஆனா பிள்ளைக நெசமாவே படிச்சிட்டாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க."

பின்னால் 'ஐயோ' என்று ஒரு சத்தம் கேட்டது. நல்லகாமன் கொடிக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் திட்டுவார் என்று துளசிராம் தலையைக் குனிந்து நின்றார். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அந்த முகத்தில் ரத்தமே இல்லை. பைக்குள் கை விட்டு மருதுவின் நோட்டை வெளியே எடுத்தார்.

"அப்ப... அந்தப் பையன் நோட்டுல இருக்கிறது?"

"என்னோட பழைய எம்.எஸ்சி. நோட்டுல இருந்து எடுத்தது மேடம்."

"சிலதுக்கு மேல ரெண்டு தடவ கோடு போட்டிருக்கே?"

"அது எனக்கே புரியாத இடம்."

ரோகிணி தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் குடித்தார். செல்பேசியை எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய், வேப்ப மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி யாரிடமோ பேசினார். பேச்சு கேட்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது.

"போச்சு" என்றார் நல்லகாமன் தரையிலிருந்தே. "உங்களுக்குப் பதினேழு-பி. எனக்கும் சேத்துத்தான். டிஸ்மிஸே வந்தாலும் வரும்யா. சும்மா கெளம்பிப் போன பொம்பளையக் கூப்பிட்டு வச்சு வாக்குமூலம் குடுத்தீங்களே, அரிச்சந்திரன்னு நெனப்பா?"

துளசிராம் காருக்குப் பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்தார். உள்ளூர்க்காரர். காலையில் ரயில் நிலையத்திலிருந்து மேடத்தை ஏற்றிக்கொண்டு வந்தவர். வாழைமரத்தில் சாய்ந்துகொண்டு அவரும் வேப்ப மரத்தடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வர்ற வழியில எங்களப் பத்தி எதுவும் பேசுனாங்களா? மெமோ இங்கயே குடுப்பாங்களா, சென்னைக்குப் போயி அனுப்புவாங்களா?"

டிரைவர் துளசிராமை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெமோவா? நீங்க வேற சார், அப்படி ஒரு பாடத்த இன்னும் யாருமே எழுதலையாம். எழுதி அச்சுக்குப் போயிருச்சுன்னு மந்திரிகிட்ட சொல்லிட்டு, உங்க பிள்ளைக நோட்டப் பாத்தாச்சும் எழுதிக் குடுத்துரலாம்னுதேன் அந்தம்மா ஓடியாந்ததே!"